நான்கு பெட்டிகளில் அடங்காத இலவசம்

சித்தி மகன் கேட்டது எளிய கேள்விதான். பாத் ஆஃப் எக்ஸைல் என்ற விளையாட்டு அவனுடைய கணினியில் இறங்கிக்கொண்டிருந்தது. அது முடிவதற்குள், “அண்ணா, இது நிஜமாகவே இலவசம்தானா, இல்லை போகப் போகக் காசு கேட்குமா?” என்றான். நான் சற்றும் யோசிக்காமல் “இலவசம்தான்” என்றேன். பதினைந்து நாள் கழித்து அவன் அதை நீக்கிவிட்டிருந்தான். ஏன் என்று கேட்டதற்கு, “காசு கேட்கவில்லை அண்ணா, வீட்டுப்பாடம் கேட்கிறது” என்றான். இருவரும் சிரித்துவிட்டு வேறு பேச்சுக்குப் போய்விட்டோம். ஆனால் அந்தச் சொல் என்னை விடவில்லை. நான் பல ஆண்டுகளாக விட்டுவிட்டு இதை விளையாடி வருகிறவன். யாராவது இதைக் குறை சொன்னால் வரிந்துகட்டிக்கொண்டு வாதாடுகிறவன். அவனிடம் வாதாட மட்டும் எனக்கு ஒரு வார்த்தையும் கிடைக்கவில்லை என்பதுதான் உறுத்தியது.

என் பதிலில் இருந்த நியாயத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். இலவசம் என்ற பெயரில் வரும் விளையாட்டுகள் வழக்கமாக எதை விற்கும் என்பது விளையாடுகிற எல்லோருக்கும் தெரியும். சில வலிமையை விற்கும். சில காத்திருப்பதிலிருந்து விடுதலையை விற்கும். காசு கொடுத்து வாங்கும் விளையாட்டுகளும் இதற்கு விலக்கில்லை. உண்மையான பணத்துக்கு ஆயுதங்களைக் கைமாற்றும் ஏலச் சந்தையை உள்ளேயே வைத்திருந்த டயாப்லோ 3, அதை 2014 மார்ச்சில்தான் இழுத்து மூடியது. நியூசிலாந்தின் ஆக்லாந்தில் இருக்கும் கிரைண்டிங் கியர் கேம்ஸ் 2013 அக்டோபரில் பாத் ஆஃப் எக்ஸைலை முழுமையாக வெளியிட்டபோது எடுத்த நிலைப்பாடு இதற்கு நேர் எதிரானது. வாளும் விற்பனைக்கில்லை, அனுபவப் புள்ளியும் விற்பனைக்கில்லை. உடைகள், கூடவே ஓடிவரும் சிறு பிராணிகள், மந்திரங்களின் தோற்றத்தை மாற்றும் அலங்காரங்கள், சாமான்களை வைக்கும் பெட்டிகள் ஆகியவையே கடையில் இருக்கும் சரக்கு. அந்த அலங்காரங்களில் சிலவற்றை அதிர்ஷ்டப் பெட்டிக்குள் போட்டு விற்பதை மட்டும் என்னால் ஏற்க முடிந்ததில்லை. துணி விற்கிறவர் துணியாகவே விற்கலாமே. ஆனால் அதை வாங்காதவருக்கு ஆட்டத்தில் எந்தக் குறையும் இல்லை. சில மாதங்களுக்கு ஒருமுறை, எல்லோரும் முதலிலிருந்து ஆடும் புதிய பருவமான லீக் தொடங்கும்போது, ஆயிரம் உடைகள் வைத்திருப்பவரும் ஒன்றுமே வாங்காதவரும் அதே கடற்கரையில் வெறுங்கையோடு கண்விழித்து, ஹில்லாக் என்ற அதே அரக்கனை அடித்துத்தான் ஊருக்குள் நுழைய வேண்டும்.

இதைவிட நான் வியப்பது இங்கே தங்கக்காசு என்ற ஒன்று இல்லாமலேயே ஒரு பொருளாதாரம் நடந்துவந்ததை. பிற்காலத்தில் தங்கம் வந்துவிட்டது என்றாலும், அடிப்படை இன்றும் ஆர்ப்கள் என்னும் மந்திர உருண்டைகள்தான். அல்கெமி ஆர்ப் சாதாரணப் பொருளை அரிய பொருளாக்கும். கேயாஸ் ஆர்ப் அரிய பொருளின் குணங்களை எல்லாம் கலைத்துப் புதிதாகப் போடும். எக்ஸால்டட் ஆர்ப் இன்னொரு குணத்தைச் சேர்க்கும். ஆகவே கையில் இருக்கும் ஒவ்வொரு நாணயமும் ஒரு கருவியும்கூட. செலவழித்து இன்னொருவரிடம் பொருள் வாங்குவதா, அல்லது நம் பொருளின் மேலேயே தேய்த்துப் பார்ப்பதா என்ற சஞ்சலம் கடைசி வரை தீராது. தேய்த்தால் அந்த நாணயம் உலகத்திலிருந்தே மறைந்துவிடும் என்பதால், எவ்வளவு கொட்டினாலும் பணம் ஒரேயடியாக மதிப்பிழந்து போவதற்கு ஒரு தடை இயல்பாகவே இருக்கிறது. வேறு எந்த விளையாட்டிலும் நாணயத்தை இவ்வளவு நுட்பமாக யோசித்து நான் பார்த்ததில்லை.

ஜெம்கள் என்னும் கற்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். திறமை என்பது இங்கே வீரனின் உடலில் இல்லை. அவன் அணியும் கவசத்தின் குழியில் பதிக்கும் கல்லில் இருக்கிறது. அந்தக் கல்லோடு இணைந்த குழியில் சப்போர்ட் ஜெம் என்ற துணைக் கல்லை வைத்தால் திறமையின் இயல்பே மாறிவிடும். ஒற்றைத் தீப்பந்து எறியும் கல்லோடு ஒன்றைச் சேர்த்தால் பல பந்துகள் பறக்கும். இன்னொன்றைச் சேர்த்தால் நாம் எறிய வேண்டியதே இல்லை, நட்டுவைத்த கம்பம் ஒன்று நமக்காக எறியும். இப்படி ஆறு குழிகள் வரை இணைக்கலாம். எந்த வீரர் வகுப்பைச் சேர்ந்தவரும் எந்தக் கல்லையும் பதிக்கலாம். இதற்கு மேல், வீரனின் பலத்தைக் கூட்டும் 1,300-க்கும் அதிகமான முடிச்சுகள் கொண்ட, மரம் போன்ற ஒரு வரைபடம் இருக்கிறது. ஏழு வகுப்புகளுக்கும் அது ஒரே மரம்தான். தொடங்கும் இடம்தான் வேறு. முடிச்சுகளை எடுக்கக் கிடைக்கும் புள்ளிகள் நூற்றுக்குச் சற்று மேல். முதன்முதலாக அந்த மரத்தைத் திறந்துவிட்டு, திரையைப் பின்னுக்கு இழுத்து, இன்னும் இழுத்து, இன்னும் முடியவில்லையே என்று வாய்பிளந்து உட்கார்ந்திருந்த நிமிடம் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. என் தம்பியும் அதே இடத்தில்தான் வாய்பிளந்தான். அது வியப்பு என்று நான் நினைத்துக்கொண்டேன்.

கிட்டாவாவுக்குப் பிறகு

என் முதல் வீரன், அந்த ஏழு வகுப்புகளில் ஒன்றான மரவுடர். இரண்டு கையாலும் பிடிக்கும் கோடரி, கிரவுண்ட் ஸ்லாம் என்ற திறமை, கண்ணில் பட்டதை எல்லாம் அடித்து நொறுக்க வேண்டும் என்ற ஆசை. மரத்தில் சேதத்தைக் கூட்டும் முடிச்சுகள் எங்கெல்லாம் தெரிந்தனவோ அங்கெல்லாம் போனேன். உயிரைக் கூட்டும் முடிச்சுகள் வழியில் கிடந்தன. அவை எனக்குக் கோழைகளின் செலவாகத் தெரிந்தன. யாருடைய உதவியும் வேண்டாம், எந்த வழிகாட்டியையும் படிப்பதில்லை என்று ஒரு வீம்பு வேறு. மூன்று வாரம் ஆனது. செத்துச் செத்து எழுந்து, கதையின் அத்தியாயங்களான பத்து ஆக்ட்களையும் கடந்து, கடைசியில் நிற்கும் கிட்டாவா என்ற அரக்கனையும் வீழ்த்தினேன். அன்று இரவு நான் அடைந்த மகிழ்ச்சியை இன்றும் குறைத்துச் சொல்ல மாட்டேன். அந்த வீரன் முழுக்க முழுக்க என் வீரன்.

கிட்டாவா தோற்கும்போதெல்லாம் ஒரு சாபம் போட்டுவிட்டுப் போகிறது. ஐந்தாவது ஆக்டில் ஒருமுறை, பத்தாவது ஆக்டில் ஒருமுறை, தீ, குளிர், மின்னல் ஆகியவற்றுக்கு எதிரான நம் தாங்குதிறன் ஒவ்வொரு முறையும் 30 சதவீதம் நிரந்தரமாகக் குறைகிறது. 30 என்ற எண் சிறியதாகத் தோன்றும். கணக்குப் போட்டுப் பார்த்தால்தான் அதன் பல் தெரியும். சாதாரணமாகத் தாங்குதிறனின் உச்சவரம்பு 75 சதவீதம். அப்போது 1,000 அளவுள்ள ஒரு தீயடியில் நம்மேல் இறங்குவது 250. அது 45 சதவீதமாகக் குறைந்தால் இறங்குவது 550. அதாவது 30 குறைந்தது என்று நாம் படிப்பது, உண்மையில் அடி இரண்டு மடங்குக்கும் மேலானது என்று பொருள். நானோ உச்சவரம்பைத் தொட்டதே இல்லை. அப்படி ஒரு வரம்பு இருப்பதும், அதை எட்டிப் பிடிப்பதுதான் மேற்கொண்டு விளையாடுவதற்கான முதல் நிபந்தனை என்பதும் எனக்குத் தெரியாது. எண் திரையில்தான் இருந்தது, மறைத்துவைக்கவில்லை. ஆனால் நூறு எண்களுக்கு நடுவே இதுதான் உயிர்நாடி என்று சுட்டிக்காட்ட அங்கே ஒருவரும் இல்லை.

கதை முடிந்த பிறகு ஆடும் தனிக் களங்களான மேப்களுக்குள் நுழைந்த முதல் நாளில் ஆறு முறை செத்தேன். ஒரு மேப்புக்கு ஆறு வாசல், ஆறும் மூடிவிட்டன. அந்த நிலையில் ஒவ்வொரு சாவும் அந்த லெவலுக்குத் தேவையான அனுபவத்தில் 10 சதவீதத்தைப் பிடுங்கிக்கொள்ளும் என்பதால், மாலையில் சேர்த்ததை இரவில் இழந்தேன். மூன்றாம் நாள் மரத்தைத் திறந்துவைத்துக்கொண்டு எங்கே தவறினேன் என்று எண்ணத் தொடங்கினேன். நாற்பதுக்கும் மேற்பட்ட முடிச்சுகளைத் திரும்பப் பெற வேண்டியிருந்தது. திரும்பப் பெற அப்போது ரிக்ரெட் ஆர்ப் வேண்டியிருந்தது, ஒரு முடிச்சுக்கு ஓர் ஆர்ப். வருத்தம் என்ற பெயரையே அதற்கு வைத்தவர் யாரோ, நன்றாகத்தான் யோசித்து வைத்திருக்கிறார். என்னிடம் ஒன்பது வருத்தங்கள் இருந்தன.

அன்றிரவு நான் செய்தது இரண்டு காரியம். மூன்று வாரம் வளர்த்த மரவுடரை அழித்தேன். அவனை அப்படியே விட்டுவைத்திருக்கலாம், இடத்தை அடைத்துக்கொண்டா இருந்தான். ஆனால் அவன் பெயரைப் பார்க்கப் பிடிக்கவில்லை. பிறகு, படிப்பதில்லை என்று வைத்திருந்த வீம்பை விட்டுவிட்டு, யாரோ ஒருவர் எழுதிவைத்த பில்ட் ஒன்றை, அதாவது வீரனை வளர்க்கும் திட்டம் ஒன்றை, எடுத்துக்கொண்டேன். ஸாம்பிகளை எழுப்பிச் சண்டைக்கு அனுப்பிவிட்டுப் பின்னால் நிற்கும் விட்ச், அதாவது சூனியக்காரி. எந்த லெவலில் எந்த முடிச்சு, எந்தக் குழியில் எந்தக் கல், எந்தப் பொருளை எவ்வளவு கொடுத்து வாங்கலாம் என்பது வரை எல்லாம் அதில் இருந்தது. ஐந்து நாளில் பத்து ஆக்ட்களும் முடிந்தன. மேப்களில் நான் பார்த்தே இராத உயரங்களுக்குப் போனேன். சாவு என்பதே அபூர்வமானது. விளையாட்டு திடீரென்று அழகாக இருந்தது. நான் சந்திக்காமலே போயிருக்கக்கூடிய அதன் முக்கால் பங்கு அப்போதுதான் எனக்குத் திறந்தது. அதே சமயம் அந்த விட்ச்சின் பெயர் என்ன என்று இப்போது கேட்டால் எனக்கு நினைவில்லை. மரவுடரின் பெயர் நினைவிருக்கிறது.

வெளியே கிடக்கும் பாதி விளையாட்டு

தம்பி சொன்ன வீட்டுப்பாடம் இதுதான் என்று முதலில் எண்ணினேன்: மரம் பெரியது, சிக்கலானது, புதியவர் தடுமாறுவார். ஆனால் இது பாதி உண்மைதான். சிக்கல் ஒரு குற்றமில்லை. சதுரங்கமும் சிக்கலானதுதான், அதைக் கற்றுக்கொள்கிறவர் யாரும் ஏமாற்றப்பட்டதாக உணர்வதில்லை. என்னை உறுத்துவது வேறு. இந்த விளையாட்டு அள்ளி அள்ளிக் கொட்டுகிறது. கொட்டியதைப் பிரித்தெடுக்கும் வேலையைத் தான் செய்வதில்லை.

ஒரு மேப்பை முடித்துவிட்டுத் திரும்பிப் பாருங்கள். தரையில் நூற்றுக்கணக்கான பொருள்களின் பெயர்ப் பலகைகள் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறிக் கிடக்கும். அவற்றில் குனிந்து எடுக்கத் தகுந்தவை நாலோ ஐந்தோ. எவை அந்த நாலைந்து என்று சொல்லும் லூட் ஃபில்டரை ஏற்றுவதற்கான வசதியை விளையாட்டு தருகிறது. அந்த ஃபில்டரை எழுதி, லீக்குக்கு லீக் விலை மாறும்போதெல்லாம் திருத்திக் கொடுப்பவர்கள் விளையாடுகிறவர்கள். மரத்தில் ஒரு முடிச்சை எடுத்தால் சேதம் எவ்வளவு கூடும் என்று துல்லியமாகப் பார்க்க வேண்டுமா, அதற்குப் பாத் ஆஃப் பில்டிங் என்ற தனி மென்பொருள். ஒரு ரசிகர் தொடங்கியது. பின்னர் தன்னார்வலர்கள் எடுத்து நடத்துகிறார்கள். ஒரு குணத்தின் பொருள் என்ன, பாஸ் எனப்படும் பெரிய எதிரிகளில் எது எதைத் தரும் என்று தெரிய வேண்டுமா, ரசிகர்கள் தொகுத்த விக்கி. நான் எந்த லீக்கைத் தொடங்கினாலும் முதல் மணி நேரத்துக்குள் விளையாட்டுக்கு வெளியே நான்கு சன்னல்களைத் திறந்து வைத்திருப்பேன். பழகிவிட்டதால் அது எனக்குத் தெரிவதே இல்லை. தம்பி என் அருகில் உட்கார்ந்து பார்த்தபோது அவன் கண்ணில் முதலில் பட்டது அதுதான்.

வாங்கல் விற்றலும் அப்படித்தான் நெடுங்காலம் நடந்தது. ஒரு தலைக்கவசம் வேண்டுமென்றால் வலைத்தளத்தில் தேட வேண்டும். விற்பவருக்குச் செய்தி அனுப்ப வேண்டும். அவர் மேப்பின் நடுவில் இருப்பார், அல்லது பதிலே வராது. வந்தால் அவருடைய இருப்பிடத்துக்குப் போய், இருவரும் பொருளை வைத்துச் சரிபார்த்து ஒப்புக்கொள்ள வேண்டும். பொருள் கிடைப்பது மிக எளிதாகிவிட்டால், தரையில் கிடைக்கும் எதற்கும் மதிப்பிருக்காது என்பது படைத்தவர்கள் நெடுநாள் சொன்ன வாதம். அதில் உண்மை இருக்கிறது என்று நான் இன்றும் நம்புகிறேன். ஆனால் பத்துப் பேருக்குச் செய்தி அனுப்பிப் பதினோராவது ஆளிடம் வாங்கிய தலைக்கவசத்தை, அந்த அலைச்சலுக்காகவே கூடுதலாக மதித்தேன் என்று சொன்னால் அது பொய். 2024 ஜூலையில் வந்த லீக்கில் ஆர்ப்களை மட்டும் ஆள் பார்க்காமல் மாற்றிக்கொள்ளும் சந்தை வந்தது. 2025-இல், விற்பவர் இல்லாத நேரத்திலும் பொருள்களை வாங்கலாம் என்றானது. இரண்டாலும் வானம் இடிந்து விழவில்லை. 2024 டிசம்பரில் முன்னோட்டமாக வெளிவந்த இரண்டாம் பாகத்தில், முடிச்சுகளைத் தங்கம் கொடுத்தே திரும்பப் பெறலாம். என் மரவுடர் அங்கே பிறந்திருந்தால் பிழைத்திருப்பான்.

பெட்டி வாங்கிய நாள்

இதையெல்லாம் யோசித்துக்கொண்டிருந்தபோதுதான் நான் காசு கொடுத்த நாள் நினைவுக்கு வந்தது. இலவசக் கணக்குக்கு நான்கு பெட்டிகள். ஒவ்வொன்றிலும் பன்னிரண்டுக்குப் பன்னிரண்டாக 144 கட்டங்கள். ஆக்ட்களைக் கடக்கும் வரை இது தாராளம். ஒருவர் நூறு மணி நேரம் விளையாடியும் குறையே தெரியாமல் இருக்கலாம். மேப்களுக்குப் போன பிறகுதான் பிடி இறுகும். மேப்களே பொருள்கள், அவற்றுக்கு இடம் வேண்டும். ஆர்ப்களில் எத்தனையோ வகை, வகைக்கு ஒரு கட்டமாவது வேண்டும். இதற்கு மேல் லீக்குகள் விட்டுச்சென்ற சொத்து இருக்கிறது. 2016-இல் எசன்ஸ், 2018-இல் டெல்வ் தந்த புதைபடிவங்கள், 2019-இல் பிளைட் தந்த எண்ணெய்கள், 2020-இல் டெலிரியம் தந்த உருண்டைகள் என்று, லீக் முடிந்தாலும் அதன் சாமான்கள் பெரும்பாலும் முடிவதில்லை, விளையாட்டிலேயே தங்கிவிடுகின்றன. தங்கிய ஒவ்வொன்றுக்கும் அதற்கென்றே அளந்து தைத்ததுபோல ஒரு பெட்டி கடையில் வந்துவிடுகிறது.

நான் வாங்கியது ஆர்ப்களுக்கான பெட்டி. வாங்கியவுடன் மூன்று பெட்டிகளில் சிதறிக் கிடந்த எல்லாம் தத்தம் இடத்துக்குப் போய் உட்கார்ந்தன. அந்த நிம்மதியை விவரிப்பது கடினம். ஓர் அறையைப் பெருக்கி முடித்ததுபோல இருந்தது. மறுநாளே மேப்களுக்கான பெட்டியையும் வாங்கினேன். அப்போது இதை நான் நன்றிக் கடன் என்றுதான் கணக்கில் எழுதினேன். இத்தனை நூறு மணி நேரம் கொடுத்த விளையாட்டுக்கு இதுகூடச் செய்யாவிட்டால் எப்படி என்று. இன்று அதே கணக்கைப் புரட்டிப் பார்க்கும்போது, நன்றி என்ற வரிக்கு அடியில் வேறொரு வரியும் தெரிகிறது. குப்பையைக் கொட்டியவரிடமே கூடையையும் வாங்கியிருக்கிறேன். வலிமையை விற்கவில்லை என்பது சரிதான். ஆனால் பெட்டி இல்லாதவர் ஒவ்வொரு மேப்புக்குப் பின்னும் பத்து நிமிடம் அடுக்கிக்கொண்டிருக்க, பெட்டி உள்ளவர் அடுத்த மேப்பில் இருக்கிறார். விற்பனைக்கு விலை எழுதிவைப்பதும் காசு கொடுத்து வாங்கிய பெட்டியில்தான் சிரமமில்லாமல் நடக்கிறது. இதை வலிமை இல்லை என்று சொல்ல எனக்கு இப்போது கொஞ்சம் நாக்குக் கூசுகிறது.

இருந்தாலும் இதை வஞ்சகம் என்று எழுதவும் என் கை வரவில்லை. ஒருமுறை வாங்கிய பெட்டிகள் ஒவ்வொரு லீக்கிலும் காலியாகத் திரும்பி வருகின்றன. மறுபடி காசு கேட்டதில்லை. நான் வாங்கியது இரண்டு, அதன் பின் எத்தனையோ லீக்குகள் ஆடிவிட்டேன். விளையாடுகிறவரைக் கசக்கிப் பிழிகிற எத்தனையோ இலவசங்களோடு ஒப்பிட்டால் இது கண்ணியமான கடைதான். நான் தம்பிக்குச் சொன்ன பதிலில் தவறு அங்கே இல்லை. காசைத் தவிர வேறு எதுவும் விலையில்லை என்று நானாகவே நினைத்துக்கொண்டதில்தான் தவறு. இந்த விளையாட்டின் பெரும் செலவு, கொட்டிக் கிடப்பதைப் பிரித்தெடுப்பது. அதைச் சிலர் காசாகக் கொடுக்கிறார்கள். என்னைப் போன்றவர்கள் ஆண்டுக்கணக்கான பழக்கமாகக் கொடுத்துவிட்டு, கொடுத்ததையே மறந்துவிடுகிறோம். ஃபில்டர் எழுதுகிறவர்களும் விக்கி தொகுக்கிறவர்களும் நமக்காகக் கூலியில்லாமல் கொடுக்கிறார்கள். புதிதாக வருகிறவர் கையில் இந்த மூன்றில் எதுவுமே இருப்பதில்லை. அவரிடம்தான் நாம் இலவசம் என்று சொல்லி அனுப்புகிறோம்.

ஆள் இல்லாமலே வாங்கலாம் என்ற மாற்றம் வந்த பிறகு தம்பி மறுபடி தரவிறக்கினான். இந்த முறை என்னிடம் எதுவும் கேட்கவில்லை. நேற்று அவனுடைய மரத்தின் படம் ஒன்றை அனுப்பியிருந்தான். மரவுடர். தொடக்கப் புள்ளியிலிருந்து ஒளிரும் கோடு சேதத்தைத் தேடி வளைந்து வளைந்து போயிருந்தது. உயிர் முடிச்சுகளை ஒவ்வொன்றாக ஒதுக்கிவிட்டுப் போயிருந்தது. “எப்படி இருக்கிறது அண்ணா?” என்று கீழே எழுதியிருந்தான். நல்ல பில்ட் ஒன்றின் இணைப்பை எடுத்து ஒட்டிவிட்டு, அனுப்பாமல் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு அதை அழித்துவிட்டு, எந்த ஆக்டில் இருக்கிறாய் என்று கேட்டேன்.

“நாலு” என்றான்.